காமயகவுண்டன்பட்டியில் இறங்கிப்போன வாத்தியார்

இந்த 2006 பிப்ரவரியில் ஒரு சனி, ஞாயிறு நானும் என் மனைவி வசந்தியும் கோயம்புத்தூரிலிருந்து கம்பம் பள்ளத்தாக்குக்குப் போய்வந்தோம். சுருளி அருவியில் குளிக்கவோ மேகமலை ஏறவோ போகவில்லை. ரேடியோ ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானங்களுக்கு அங்கே ஒரு போட்டி. அந்தப் பக்கம் நிலம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தரிசைச் சமன்செய்து, ரோலர் ஓட்டி, இந்தப் பைத்தியம் பிடித்த எல்லாரையும் கூப்பிட்டிருந்தார். பைத்தியம் என்பது வசந்தியின் சொல். நான் மறுப்பதில்லை. போய்வந்து மூன்று மாதம் கழித்து எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. இது வேகப் போட்டி கிடையாது. நிஜமான ஒரு விமானத்தை அச்சு அசலாகச் சின்னதாகக் கட்டிக் கொண்டுபோக வேண்டும். முதலில் தரையில் வைத்து, நிஜ விமானத்தின் போட்டோவோடு ஒப்பிட்டு மார்க் போடுவார்கள். அப்புறம் பறக்கவிட வேண்டும். நிஜ விமானம் எப்படி அலட்டிக்கொள்ளாமல் போகுமோ அப்படியே போகவேண்டும், ஓடுபாதையில் ஒழுங்காக இறங்கவும் வேண்டும். இரண்டு சுற்று உண்டு. எது நன்றாக அமைகிறதோ அது கணக்கு.

நான் கட்டியது புஷ்பக். அந்தக் காலத்து ஃபிளையிங் கிளப்புகளில் பறக்கக் கற்றுக்கொடுத்த சின்ன விமானம். மாணவனும் வாத்தியாரும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரலாம். இருபது வயதில் அதில்தான் கற்றுக்கொண்டேன். தனியாகப் பறக்கப்போகும் நாளை வாத்தியார் முன்கூட்டிச் சொல்லமாட்டாராம். ஒரு தடவை தரையிறங்கியதும் கதவைத் திறந்து, பேசாமல் இறங்கிப் போய்விடுவாராம். சீனியர்கள் சொல்லக் கேட்டு, அந்தக் கதவு எப்போது திறக்கும் என்று காத்துக்கிடந்தேன். அதற்குள் கண் பரிசோதனை வந்துவிட்டது. புள்ளி புள்ளியாக ஒரு படம் காட்டினார்கள். மற்றவர்கள் அதில் இருந்த எண்ணைப் படித்தார்கள், எனக்குப் புள்ளிகள் மட்டும்தான் தெரிந்தன. சிவப்பும் பச்சையும் எனக்கு ஒன்று. அத்தோடு கதை முடிந்தது. வாத்தியார் கடைசிவரை இறங்கவே இல்லை.

இத்தனை வருஷம் கழித்து அதே விமானத்தை, அதே எண் எழுதி, மாடியில் உட்கார்ந்து கட்டி முடித்தேன். ஆறடி இறக்கை. உள்ளே இரண்டு பொம்மைகள்: இடப்பக்கம் நான், வலப்பக்கம் தொப்பியும் மீசையுமாக வாத்தியார். இதில் கொடுமை என்னவென்றால் அந்த விமானம் முழுச் சிவப்பு. போட்டோவில் இருக்கிற நிறத்தைத்தான் அடிக்கவேண்டும், கூடுதலாக ஒரு கோடு போட்டாலும் மார்க் போய்விடும். பெயிண்ட் கடையில் வசந்திதான் நிறம் பார்த்து வாங்கினாள்.

பச்சை மலைக்கு முன்னால் போனால் என் விமானம் எனக்கே மறைந்துவிடும். ஏறுகிறதா இறங்குகிறதா, வருகிறதா போகிறதா, ஒன்றும் பிடிபடாது. துணைக்கு ஓர் ஆள் பின்னால் நின்று சொல்லலாம் என்று விதி இருக்கிறது. அந்த ஆள் வசந்தி. "இடது தாழுதுங்க, நிமுத்துங்க, இப்பத் திரும்புங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். இதற்கு முன் கலந்துகொண்ட போட்டிகளில் எல்லாம் அவள் கண்ணும் என் கையும் சேர்ந்துதான் இறக்கினோம். கப் எனக்கு வேண்டாம். ஒரே ஒரு தடவை, நானே பார்த்து, நானே இறக்க வேண்டும். கிளம்பும் முந்தினநாள் இதை அவளிடம் சொன்னேன். இருபது வயதில் கிடைக்காதது இப்போதாவது கிடைக்கட்டும் என்று வெட்கமில்லாமல் சொன்னேன். விழுந்து நொறுங்கினால் வீட்டில் வந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு ஆம்னி வேனில் கிளம்பினோம். பின் சீட்டைக் கழற்றி, இறக்கையைப் போர்வையில் சுற்றி வைத்திருந்தேன். உடுமலை, பழனி, வத்தலக்குண்டு, பெரியகுளம் வழியாகத் தேனி. ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். வத்தலக்குண்டில் காபி நன்றாக இருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி நிறுத்தினேன். அந்த யாரோவை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தேனியைத் தாண்டியதும் வண்டி தானாக மெதுவாகிவிடுகிறது. நான்தான் ஓட்டினேன், ஆனாலும் அப்படித்தான் தோன்றியது. வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று ஊர்கள் ஒவ்வொன்றாக வர, இரண்டு பக்கமும் மலை கூடவே வருகிறது. இடப்பக்கம் மேகமலை, வலப்பக்கம் கேரளத்து மலை. நடுவில் நெல்லும் தென்னையும் வாழையும். வாய்க்கால் தண்ணீரில் மலை தலைகீழாகக் கிடந்தது. வசந்தி கண்ணாடியை இறக்கிவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு அது முடியவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் பச்சை. நான் பறக்கவிட இதைவிட மோசமான இடம் தமிழ்நாட்டிலேயே கிடையாது.

தேனியிலிருந்து கம்பம் நாற்பது கிலோமீட்டர். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும் தூரத்தில் லாட்ஜ் கிடைத்தது, இருவருக்கு 275 ரூபாய். சாயங்காலம் டீக்கடையில் ஒரு ஜீப் டிரைவர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிறவர், பாதி தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசினார். மதியத்துக்கு மேல் மலை இடுக்கு வழியாகக் காற்று இறங்கும், எதுவானாலும் நாலு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள் என்றார். அந்த யோசனைக்கு அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஞாயிறு காலை கம்பத்திலிருந்து காமயகவுண்டன்பட்டிப் பக்கம் ஆறு கிலோமீட்டர். திராட்சைத் தோட்டங்களைத் தாண்டி மைதானம். நாங்கள் போனபோது பனி தரையோடு கிடந்தது. மேகமலைக்கு மேலே வெயில் வந்துவிட்டது, எங்களுக்கு இன்னும் வரவில்லை. பனிக்குள் சின்னச் சின்ன விமானங்கள் வரிசையாக நின்றன. நிஜமான ஒரு விமான நிலையத்தை வெகு உயரத்திலிருந்து பார்க்கிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் யாருமே என்ஜினைக் கிளப்பவில்லை. அந்த அமைதியைக் கெடுக்க மனசு வரவில்லை போலும்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ரிமோட்டுகளுக்கு ரேடியோபோலச் சேனல் எண் உண்டு. ஒரே சேனலில் இரண்டு ரிமோட் ஒரே நேரத்தில் ஆன் ஆனால் வானத்தில் இருக்கும் விமானம் குழம்பி விழுந்துவிடும். அதனால் ஒரு பலகையில் சேனலுக்கு ஒன்றாக, துணி காயப்போடும் கிளிப் மாட்டியிருப்பார்கள். கிளிப் கையில் இருந்தால்தான் ரிமோட்டைத் தொடலாம். பறந்து முடிந்ததும் ரிமோட்டை மேசையில் ஒப்படைத்து, கிளிப்பைப் பலகையில் மாட்டிவிட வேண்டும். வேறு எதில் சண்டை போட்டாலும் இதில் யாரும் விளையாட மாட்டோம். என் சேனலில் இன்னொருவரும் இருந்தார். பெங்களூர் நாகராஜ், மஞ்சள் நிற டைகர் மாத் விமானம் கொண்டுவந்திருந்தார். நான் பறந்து முடித்தால்தான் அவருக்குக் கிளிப்.

தரை மதிப்பெண்ணில் புஷ்பக் மூன்றாவதாக வந்தது. பொம்மை வாத்தியாரின் மீசையை நடுவர் பாராட்டினார். பத்து மணி சுமாருக்கு என் முதல் சுற்று. ஏறியது அழகாக இருந்தது. மைதானத்தைக் கடந்து, மெதுவாகத் திரும்பி, மலைக்கு முன்னால் போனது. போனதும் எனக்கு மறைந்தது. வசந்தி சொல்லச் சொல்லத் திருப்பினேன். பாதி வட்டத்தில் என்ஜின் சத்தம் நின்றது. காற்றில் மிதந்து வருகிறது, தோட்டத்துப் பக்கம் தாழ்கிறது என்று வசந்தி சொன்னாள். அப்புறம் அவள் பேசவில்லை. பேசாவிட்டால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

ரிமோட்டை ஒப்படைத்தேன், கிளிப்பை மாட்டினேன், தோட்டத்துக்கு ஓடினேன். வசந்தி கருவிப் பெட்டியோடு மைதானத்திலேயே இருந்தாள். கல்தூண் நட்டு, தலைக்கு மேலே கம்பி இழுத்து, அதில் திராட்சைக் கொடி படரவிட்ட பந்தல். ஏக்கர் கணக்கில் ஒரே கூரை. உள்ளே நுழைந்தால் வெளிச்சமே வேறு. இலை வழியாக வடிகட்டி இறங்குகிறது, மண் ஈரமாக இருக்கிறது, நம் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கிறது. மற்றவர்களுக்கு இது லேசான வேலை, பச்சைக்குள் சிவப்பைத் தேடினால் போதும். எனக்கோ எல்லாம் இலை. அண்ணாந்து பார்த்தபடி வரிசை வரிசையாக நடந்தேன். வழக்கமாக இப்படி விழுந்தால் ரிமோட்டைக் கொண்டுவந்து அசைத்துப் பார்ப்போம். விமானத்துக்குள் இருக்கும் சின்ன மோட்டார்கள் முனகும், அதைக் கேட்டுக் கண்டுபிடிக்கலாம். ரிமோட்தான் மேசையில் இருக்கிறதே.

என்னால் முடியாது என்று நின்றுவிட்டேன். அழுகை வந்தது, சொல்வதற்கு என்ன. அப்போது தூரத்தில் டைகர் மாத்தின் என்ஜின் கேட்டது. நாகராஜ் கிளிப்பை எடுத்துக்கொண்டு பறக்கத் தொடங்கிவிட்டார். அடுத்த நொடி, எனக்கு வலப்பக்கம், தலைக்கு மேலே, இலைக்குள் ஏதோ முனகியது.

அதே சேனல் அல்லவா? நாகராஜ் அங்கே ரிமோட்டின் குச்சியை அசைக்க, அவருடைய மாத்தும் கேட்கிறது, இங்கே கொடிக்குள் கிடக்கும் என் புஷ்பக்கும் கேட்கிறது. சத்தம் வந்த இடத்துக்குப் போய் அண்ணாந்தேன். அசையாத இலைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் அசைந்தது. அது இலை இல்லை, என் விமானத்தின் வால். இரண்டு கம்பிகளுக்கு நடுவே, தொட்டிலில் போட்டதுபோல, முழுசாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

உடனே எடுத்திருக்கலாம். நான் ஈர மண்ணில் மல்லாந்து படுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. வானத்தில் மாத் இடப்பக்கம் சாய்ந்தபோது என் புஷ்பக்கின் வாலும் இடப்பக்கம் திரும்பியது. அது எட்டுப் போட்டது, இதுவும் கொடிக்குள் தொங்கியபடியே எட்டுப் போட்டது. கண்ணில் படாத ஒரு விமானம் என்ன செய்கிறது என்று, பறக்காத ஒரு விமானத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தேன். கடைசியில் வால் மடல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பி அப்படியே நின்றது. மூக்கைத் தூக்குகிறார், தரையைத் தொடப்போகிறார். பிறகு எல்லாம் ஓய்ந்தது. நாகராஜ் நன்றாக இறக்கியிருக்கிறார் என்று படுத்தபடியே எனக்குத் தெரிந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான தரையிறக்கத்தை நான் பார்த்ததில்லை.

"என்ன சார், இங்கன படுத்துக் கெடக்கீக? எங்கிட்டாச்சும் அடியா?"

முதுகில் மருந்து தெளிப்பானோடு தோட்டக்காரர் நின்றார். பெயர் காதர் மைதீன். ஏறக்குறைய என் வயது. அவசரமாக எழுந்து விஷயத்தைச் சொன்னேன். கொடிக்கு என்ன ஆச்சு என்றுதான் முதலில் பார்த்தார். கொடியை வெட்டிக் கவாத்து செய்து நாற்பது நாள், பிஞ்சு பிடிக்கிற நேரம், கொஞ்சம் முன்பின் விழுந்திருந்தால் ஒரு வரிசையே போயிருக்கும் என்றார். நாலைந்து இலைதான் கிழிந்திருந்தது. மனசு ஆறியதும் அவரே கம்பியை விலக்கிப் பிடித்துக்கொள்ள, நான் விமானத்தை இறக்கினேன். முன்விசிறி உடைந்திருந்தது, மாற்று இருக்கிறது. முன்கண்ணாடி பிய்ந்து தொங்கியது, ஒட்டிக்கொள்ளலாம். இடது இறக்கை முழுக்க வெளிர் நீலமாக அப்பியிருந்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து, அன்று காலைதான் அடித்தாராம்.

பாய் உள்ளே குனிந்து பார்த்தார். "உக்காந்திருக்கவுக யாரு சார்? நீங்களா?"

ஆமாம் என்றேன்.

"பக்கத்து சீட்டு காலியாவுல இருக்கு?"

அப்போதுதான் பார்த்தேன். வாத்தியாரைக் காணோம். கண்ணாடி பிய்ந்தபோது வெளியே விழுந்திருக்க வேண்டும். இருவரும் கொடியை உலுக்கினோம், மண்ணைத் துழாவினோம், கிடைக்கவில்லை. தேடிக்கொண்டே அவர் யார், எதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்று கேட்டார். ஃபிளையிங் கிளப்பையும் கண் பரிசோதனையையும் திறக்காத கதவையும் சொன்னேன். முன்பின் தெரியாதவரிடம் ஏன் அவ்வளவு சொன்னேனோ. பாய் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அப்பறமென்ன சார், ஒங்க வாத்தியாரு எங்க தோட்டத்துல எறங்கிக்கிட்டாக."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மருந்து கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்து, பாய் பதறிப்போய் என்னை மோட்டார் ரூமுக்கு இழுத்துப்போய் முகத்தில் தண்ணீர் அடித்தார். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றரை மணிக்கு இரண்டாவது சுற்று. அதற்குள் விசிறி மாற்றி, கண்ணாடி ஒட்டி, கிழிசலுக்கு டேப் போட்டோம். வசந்தி ஈரத்துணியோடு நீலத்தைத் துடைக்க வந்தாள். துணியைப் பிடித்துக்கொண்டேன். தரை மார்க் காலையிலேயே போட்டாயிற்று, அழுக்குக்கு மார்க் குறைக்க விதியில் இடமில்லை, நடுவரிடமும் கேட்டுவிட்டேன். சோம்பேறித்தனம் என்று நினைத்திருப்பாள். ஆனால் தோட்டத்திலிருந்து தூக்கி வரும்போதே நான் கவனித்திருந்தேன். எனக்கு நீலம் நன்றாகத் தெரியும்.

நாகராஜ் கிளிப்பைக் கையில் கொடுத்தார். பாய் டிவிஎஸ் ஃபிப்டியில் வந்து வேலி ஓரம் நின்றிருந்தார். புஷ்பக் ஏறியது. வெயில் சாய்ந்து, மலை ஒரே பச்சைத் திரையாக இருந்தது. விமானம் அதற்கு முன்னால் போனது. எப்போதும்போல உடம்பு மறைந்தது. ஆனால் இடது இறக்கை தெரிந்தது. தூரத்தில் ஒரு வெளிர்க்கீற்று, சாய்ந்தால் சாய்ந்தது, நிமிர்ந்தால் நிமிர்ந்தது.

"இடது தா..." என்று ஆரம்பித்தாள் வசந்தி.

"தெரியுது" என்றேன்.

அவள் நிறுத்தினாள். கொஞ்ச நேரம் பின்னாலேயே நின்றாள். பிறகு காய்ந்த புல்லில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. விலகிப் போய்க்கொண்டிருந்தாள். என் தோளுக்குப் பின்னால் யாரும் இல்லை. வட்டமடித்தேன், எட்டுப் போட்டேன், மலையோரமாக எவ்வளவு மெதுவாகப் போக முடியுமோ அவ்வளவு மெதுவாகப் போனேன். இறங்க மனசே இல்லை. நேரமாகிறது என்று நடுவர் சொன்னதும் திரும்பி, பாதைக்கு நேராக வந்து, சத்தத்தைக் குறைத்து, மூக்கைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தேன். சக்கரம் மண்ணைத் தொட்டது. ஒரு குதி, அவ்வளவுதான். ஓடி நின்றது. திரும்பிப் பார்த்தபோது வசந்தி வேலிக்குப் பக்கத்தில் பாயோடு நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று நிபந்தனை போட்டவள்.

நாகராஜ் முதல் பரிசு. நான் ஐந்தாவது. தரையில் இருவரைக் காட்டிவிட்டு ஒருவரோடு பறந்ததற்கு மார்க் குறைத்தார்கள். நியாயம்தான்.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிவரை நல்ல காலம். ஜூன் தொடங்கினால் காற்று ஆளையே தள்ளும், சின்ன விமானத்தை நினைக்கவே வேண்டாம். காலைப் பனி விலக ஒன்பது மணி ஆகும், மதியக் காற்றுக்கு முன் முடித்துவிடுங்கள். காமயகவுண்டன்பட்டிக்குக் கம்பத்திலிருந்து டவுன் பஸ் உண்டு, ஆனால் ஆறடி இறக்கையோடு ஏறினால் கண்டக்டர் என்ன சொல்வார் என்பதற்கு நான் பொறுப்பில்லை. சுற்றிலும் திராட்சைத் தோட்டம் என்பதால் முதல்நாளே தோட்டக்காரர்களைப் பார்த்துச் சொல்லிவையுங்கள். பந்தலுக்குள் போனால் கொடியை இழுக்காதீர்கள், கம்பியை விலக்குங்கள். மாற்று விசிறி குறைந்தது இரண்டு வேண்டும். நீலக் கறைக்கு எலுமிச்சைச் சாறு நன்றாகக் கேட்கும் என்கிறார்கள். நான் சோதித்துப் பார்க்கவில்லை. அடுத்த போட்டிக்குத் தரை மார்க் வேண்டுமானால் துடைத்தாக வேண்டும், இன்னும் மனசு வரவில்லை.

போன வாரம் காதர் பாய் போன் செய்தார். தோட்டத்தில் அறுவடை நடக்கிறதாம், பின்னால் ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது.

"சார், ஒங்க வாத்தியாரு கெடச்சுட்டாக. குலைக்கு நடுவுல சம்மணம் போட்டு உக்காந்திருக்காக, தொப்பிதான் வெளுத்துப்போச்சு. ராத்திரி லாரி கோயம்புத்தூர் மார்க்கெட்டுக்கு வருது. பழத்தோட குடுத்துவிடவா?"

வசந்தி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மாடியில் புஷ்பக் இருக்கிறது, வலப்பக்கத்து சீட் காலியாக இருக்கிறது.

"வேண்டாங்க பாய், அவர் அங்கயே இருக்கட்டும்" என்றேன். "நான் தனியா ஓட்டிக்கிறேன்."